சட்டியிலிருந்து டீசல் டேங்க் வரை: பழைய எண்ணெய் சேகரிப்பும் பம்பு வேலையும்

தென்காசிக்கு மேற்கே பிரானூர் பார்டரில் ஆரம்பித்து செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு வரை ரோட்டோரம் சட்டி கொதிக்காத இடம் குறைவு. இந்தப் பக்கம் நாட்டுக்கோழி பொரிக்கிற கடையும் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கொட்டகையும். கேரளப் பக்கம் போனால் பழம்பொரியும் பருப்பு வடையும். (‘பார்டர்’ என்ற பெயர் 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலத்து மிச்சம். இன்றைய மாநில எல்லை இன்னும் மேலே இருக்கிறது.) இந்தச் சட்டிகளில் மிஞ்சும் எண்ணெயை டீசல் வண்டிக்கு ஊற்றலாமா என்று கேட்பவர்கள் எடுத்த எடுப்பில் எண்ணெயை உறிஞ்சி ஏற்றும் பம்பைத்தான் விசாரிக்கிறார்கள்: என்ன சைஸ், எத்தனை ஹெச்.பி., எவ்வளவு ஆகும். பம்பு இதில் சின்ன விஷயம். எண்ணெயில் ஒளிந்திருக்கும் தண்ணீரும், எண்ணெய் உறைகிற குணமும்தான் பம்பைக் கெடுக்கும், ஃபில்டரை அடைக்கும், இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரில் கரி கட்டும். இரண்டையும் கடையிலேயே பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் வண்டியைப் பாருங்கள்

காமன் ரெயில் (இப்போதைய டீசல் வண்டிகளின் உயர் அழுத்த முறை) வண்டி என்றால் இந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசலைப் புகையாகத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு, வடிகட்டிய சமையல் எண்ணெய்கூட சேறு மாதிரிதான். இதற்கு ஏற்றது மெக்கானிக்கல் டீசல் பம்போடு, சிலிண்டருக்கு முன்னால் உள்ள சின்ன அறையில் டீசல் தெளிக்கும் பழைய இன்ஜின்: அம்பாசடர் டீசல், ஆரம்பகால இண்டிகா 1.4, பழைய டெம்போ டிராக்ஸ், பெஜோ இன்ஜின் போட்ட மஹிந்திரா ஜீப் போன்றவை. அதிலும் லைன் பம்பு (சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன் வீதம் வரிசையாக உள்ள டீசல் பம்பு) உள்ள வண்டி தாங்கும். ரோட்டரி பம்புக்கு மசகே அதற்குள் ஓடும் டீசல்தான்; காலையில் குளிர்ந்த கெட்டி எண்ணெய் உள்ளே போனால் உள்ளிருக்கும் ஷாஃப்ட் முறியவும் வாய்ப்புண்டு.

ஏன் இந்தக் கெடுபிடி என்றால், டீசலின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அதே சூட்டில் சமையல் எண்ணெய் 30-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் 10, 15-க்கு இறங்கும். டீசல் மாதிரி ஆகாது, ஆனால் பழைய இன்ஜின் சமாளித்துக்கொள்ளும்.

மெத்தனால் சேர்த்து பயோடீசலாக மாற்றினால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். உண்மைதான், பயோடீசல் 3.5 முதல் 5-க்குள் வந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நடந்த சாவுகளுக்குப் பிறகு வீட்டுக் கொட்டகையில் ஒரு கேன் மெத்தனால் வைத்திருப்பது எப்படிப் பார்க்கப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறிய அளவில் செய்பவர்களுக்கு எண்ணெயை எண்ணெயாகவே சுத்தம் செய்து பயன்படுத்தும் வழிதான் சரி. இங்கே சொல்வதும் அதைத்தான்.

முழு எண்ணெயில் ஓட்ட அதற்கென்று இரண்டாவது டேங்க் வேண்டும்; அதைப் பொருத்துவது வண்டியின் அமைப்பை மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கை வைத்தால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டியில் இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

எந்தச் சட்டியில் என்ன எண்ணெய்

கடை மாறினால் எண்ணெயின் குணமே மாறும். ஒரே கேனில் எல்லாவற்றையும் கொட்டுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தப்பு.

சிப்ஸ் கொட்டகை எண்ணெய் பார்க்கத் தெளிவாக, பொன்னிறமாக இருக்கும். இதை நம்பி நேராக வடிகட்டி ஊற்றிவிடத் தோன்றும். சிப்ஸ் மாஸ்டர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: காய் பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கும் எண்ணெயிலேயே விடுவார். சட்டி ஒரு முறை பொங்கி அடங்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு எங்கே போகும்? கொஞ்சம் சிப்ஸில் ஒட்டும், மீதி பொடியாகச் சட்டியிலேயே தங்கும். எண்ணெயில் உப்பு கரையாது. அந்தப் பொடி டீசல் பம்பின் உள்ளே போய், எங்கிருந்தோ ஒரு துளி ஈரமும் சேர்ந்தால் துருதான். சிப்ஸ் எண்ணெயைக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

கோழி பொரிக்கிற கடையில் தேங்காய் எண்ணெயோடு கோழிக் கொழுப்பு, மசாலா, உப்பு, இறைச்சியிலிருந்து வடிந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்திருக்கும். கறுப்பாக, நெடியோடு இருந்தால் அதன் அமிலத்தன்மை ஏறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு நாள் தெளியவிட்டால் கேனில் மூன்றில் ஒரு பங்கு கசடாக நிற்பதும் உண்டு. வேறு எண்ணெய் கிடைக்கும்போது இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

டீக்கடை வடை, பஜ்ஜி சட்டியில் பெரும்பாலும் பாமாயில். கடலை மாவின் நுண்தூள் மிதந்துகொண்டே இருக்கும். ஃபில்டரை முதலில் அடைப்பது இதுதான். ஆனால் கொஞ்ச நாள் பொறுத்துத் தெளியவிட்டால் அடியில் பாயாகப் படிந்துவிடும். டால்டா போட்டு வேலை செய்யும் கடை எண்ணெய் மட்டும் வேண்டாம். அது வெயிலடித்தாலொழிய அசையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. எண்ணெய் காற்றுப்பட்டுச் சூட்டில் பிசினாக மாறுகிற குணத்தை அயோடின் எண் காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-க்குள். பாமோலின் 60-ஐ ஒட்டி. சூரியகாந்தி 120-க்கும் மேல். அதாவது, லகுவாக ஓடுகிற சூரியகாந்திதான் இன்ஜினுக்குள் பிசினாக ஒட்டும். 24 டிகிரியில் உறைந்து உயிரை வாங்குகிற தேங்காய் எண்ணெய் ஒட்டவே ஒட்டாது. பம்புக்கு எது கஷ்டமோ அது இன்ஜினுக்கு நல்லது. இந்தப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் தாராளமாகக் கிடைப்பதால் சூடாக்கும் வேலையை ஒழுங்காகச் செய்பவருக்கு லாபம்.

கடையில் வாங்கும் முறை

ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் பயன்படுத்தும் கடைகள், 2019 மார்ச் 1 முதல், கணக்கு எழுதி அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்குத்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். இது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு. அந்தக் கடைகளை விட்டுவிட்டுச் சின்னக் கடைகளிடம் போங்கள். திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெயில் சேரும் துருவக் கூட்டுப்பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருப்பதால், கொடுத்துவிடுவதில் கடைக்காரருக்கும் நிம்மதி. நீங்கள் வாங்கிய எண்ணெய் மறுபடி எந்த அடுப்புக்கும் போகாது என்ற நம்பிக்கை அவருக்கு வர வேண்டும், அடுத்தவருக்கு விற்காதீர்கள்.

பேச்சும் நீளமாக வேண்டாம். “அண்ணாச்சி, சட்டி எண்ணெயை மாத்துற அன்னைக்கு ஒரு போன் போடுங்க, கேனைக் கொண்டுவந்து மாத்திக்கிறேன்” என்று சொன்னால் போதும். மலைக்கு அந்தப் பக்கம் ‘சேட்டா’ என்று கூப்பிட்டு இதையே சொல்லலாம். கடையில் பேச வேண்டிய முக்கியமான ஆள் முதலாளி இல்லை, ராத்திரி சட்டி கழுவுகிற தம்பி. சட்டியைச் சோப்புப் போட்டு அலசிய தண்ணீரைப் பழைய எண்ணெய் டின்னிலேயே கவிழ்ப்பது அவருடைய வழக்கமாக இருக்கும். சோப்புத் தண்ணீர் கலந்த எண்ணெய் மோர் மாதிரி ஆகிவிடும். பிறகு ஒரு மாதம் தெளியவிட்டாலும் பிரியாது. அந்தத் தம்பியிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிவிட்டால் மாதக் கணக்கில் வேலை மிச்சம்.

கேன் உங்களுடையதாக இருக்கட்டும். வெள்ளை நிற 20 லிட்டர் கேன், அகல வாய், இறுக்கமான மூடி. வெள்ளை ஏனென்றால் வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் தண்ணீர் நிற்பது கோடாகத் தெரியும். எவர்சில்வர் வலை வைத்த புனல் ஒன்று ஒவ்வொரு கடைக்கும். எண்ணெய் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று கேன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் ஊற்றினால் பிளாஸ்டிக் கேன் இளகிவிடும். ஆனி, ஆடிச் சாரலில் கடை வாசலில் திறந்து வைத்த கேனுக்குள் இரவோடு இரவாக அரை டம்ளர் தண்ணீர் சேரும். கேன் உள்ளே இருக்க வேண்டும்.

நிறைந்த கேனை எடுத்துக்கொண்டு காலிக் கேனை வைத்துவிட்டு வருவதுதான் நல்ல வழி. கடை வாசலில் பம்பை இறக்கி ஓஸ் போட்டு உறிஞ்சுவது பார்க்கக் கம்பீரமாக இருக்கலாம். ரோடெல்லாம் எண்ணெய் சிந்தி, அண்ணாச்சி அடுத்த தடவை கூப்பிடமாட்டார். 200 லிட்டர் பேரல் வைத்திருக்கும் சிப்ஸ் கொட்டகையில் மட்டும் பம்பு தேவைப்படும். கணக்குக்கு ஒன்று: எண்ணெயின் எடை லிட்டருக்கு சுமார் 0.92 கிலோ. 15 கிலோ டின் என்றால் ஏறக்குறைய 16.3 லிட்டர். அளவுச் சாடியைவிடத் தராசு சுலபம். செக்போஸ்ட் தாண்டிக் கொண்டுவருவதாக இருந்தால் கடையின் பெயரும் அளவும் தேதியும் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும்.

பம்பு

எண்ணெய்க்குக் கியர் பம்பு. வீட்டுத் தண்ணீர் மோட்டார் வேலைக்கு ஆகாது. அதன் இறக்கை கெட்டி எண்ணெயைச் சுழற்றுமே தவிரத் தூக்காது. கொட்டகையில் வைக்க 1 இன்ச் வாய் உள்ள வார்ப்பிரும்புக் கியர் பம்பு, அரை ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் போதும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளினால் ஒரு பேரல் பத்து நிமிட வேலை. ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்வது) உள்ள பம்பாகவே வாங்குங்கள். கியர் பம்பு அடைத்த குழாயையும் விடாது. வெளியேறும் வால்வை மூடிவிட்டு சுவிட்சைப் போட்டால் ஓஸ் பிய்த்துக்கொண்டு போகும், இல்லையென்றால் மோட்டார் எரியும். வால்வை 3 பாரில் திறக்கும்படி வைத்தால் சரி.

உறிஞ்சும் பக்கம்தான் எல்லாப் பிரச்சினைக்கும் பிறந்த வீடு. தள்ளுவதற்கு மோட்டாரின் பலம் இருக்கிறது. உறிஞ்சும்போது எண்ணெயை உள்ளே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டும்தான். அதனால் உறிஞ்சும் ஓஸ் வெளியேறும் ஓஸைவிட ஒரு சைஸ் பெரிதாக, 1¼ இன்ச்சில், உள்ளே கம்பிச் சுருள் வைத்ததாக இருக்கட்டும். நீளம் 2 மீட்டருக்குள். பம்பு எண்ணெய் மட்டத்துக்கு மேலே 1 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கீழே இருந்தால் இன்னும் நல்லது. நுனியில் 1 மில்லிமீட்டர் கண் உள்ள வலைக்கூடை. நுண்ணிய ஃபில்டரை ஒருபோதும் உறிஞ்சும் பக்கம் வைக்காதீர்கள்.

குழாய், வால்வு எல்லாம் இரும்பு, எவர்சில்வர், இல்லையென்றால் கெட்டி பிளாஸ்டிக். செம்பும் பித்தளையும் எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துப் பிசினாக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் டேங்கும் அமிலம் ஏறிய எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகி, அது ஃபில்டரில் வந்து அடையும். சாதாரண ரப்பர் ஓஸ் உப்பிவிடும்; நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டும் முறை: பம்பின் வாயில் ஒரு டம்ளர் எண்ணெய் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சுவிட்ச். அரை நிமிடத்தில் எண்ணெய் வரவில்லையென்றால் நிறுத்துங்கள். கியருக்கு மசகு அந்த எண்ணெய்தான், வறட்டு ஓட்டம் ஓடினால் தேய்ந்துவிடும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் எண்ணெய் வராது; கேனில் குமிழ் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சத்தத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லலாம். கூழாங்கல் உருளுகிற மாதிரி கடகடவென்றால் எண்ணெய் கெட்டியாக இருக்கிறது, இல்லை வலைக்கூடை அடைத்திருக்கிறது. அப்போது உறிஞ்சும் ஓஸைத் தொட்டுப் பார்த்தால் ஒட்டிப்போய் இருக்கும். வெளியே வரும் எண்ணெய் நுரைத்துப் பால் மாதிரி வந்தால் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. அந்த ஓட்டையில் எண்ணெய் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும் என்பதால் கண்ணில் படாது. ஓடும்போது ஒவ்வொரு கிளாம்ப் மேலும் கிரீஸ் தடவிக்கொண்டே வாருங்கள்; எந்த இடத்தில் தடவியதும் நுரை நிற்கிறதோ அங்கேதான் குற்றம். பம்பின் உடம்பு கை வைக்க முடியாமல் சுட்டால் ரிலீஃப் வால்வு வழியாக எண்ணெய் உள்ளேயே சுற்றுகிறது, முன்னால் எங்கோ அடைப்பு.

சாரல் காலத்து விடியலில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ‘உம்’ என்று முனகிவிட்டு நிற்கிறதா? உடனே அணையுங்கள். நேற்று உள்ளே தங்கிய தேங்காய் எண்ணெய் உறைந்து கியரைப் பிடித்திருக்கிறது. இரண்டு மூன்று தரம் போட்டுப் பார்த்தால் கெப்பாசிட்டர் போகும், பிறகு மோட்டார் காயிலும் எரியும். பம்பின் மேல் ஒரு பழைய துணியைச் சுற்றி, மோட்டார் பக்கம் தெறிக்காமல் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஷாஃப்டைக் கையால் திருப்பினால் சுற்றும் நிலை வந்ததும் ஓட்டலாம். முந்தைய நாளே உறிஞ்சும் ஓஸைத் தூக்கிவிட்டு ஐந்து விநாடி ஓடவிட்டுக் காலி செய்து, இரண்டு லிட்டர் டீசல் விட்டு அலசியிருந்தால் இந்த வேலை வராது. அந்த டீசல் வீணில்லை, அடுத்த கலவையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கரண்ட் இல்லாத இடத்துக்கு 12 வோல்ட் டீசல் பம்பு. பெட்டியில் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று போட்டிருந்தால் அது டீசலுக்கு. எண்ணெய்க்குப் பாதி கிடைத்தால் பெரிது. 20 ஆம்பியரை எளிதாக இழுக்கும், ஆகவே 6 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி முனையிலேயே கிளிப், நடுவில் ஃபியூஸ், வண்டி இன்ஜின் ஓடியபடி. இருபது நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஓய்வு. இதன் உள்ளிருக்கும் தகடுகளை உடைக்க ஒரு சிப்ஸ் துண்டு போதும். மாதம் ஒரு பேரல்தான் எடுக்கிறீர்கள் என்றால் கையால் சுற்றும் பேரல் பம்பே மேல். தோள் வலிக்கும், பம்பு உடையாது.

உறைந்த கேனைச் சூடாக்க வாட்டர் ஹீட்டர் ராடை உள்ளே விடாதீர்கள். அதன் சூடு ஒரே இடத்தில் குவிந்து எண்ணெயைக் கருக்கும். ராட் வெளியே தெரிந்துவிட்டால் தீப்பிடிக்கும். தகரத்தின் மேல் வெயிலில் வையுங்கள், பதினொரு மணிக்குள் இளகிவிடும். வெயில் இல்லாத நாளில் அண்டாவில் வெந்நீர் வைத்து அதற்குள் கேனை இறக்குங்கள். அடுப்பு நெருப்பு எண்ணெய்க்குப் பக்கத்திலேயே வர வேண்டாம்.

தெளிவித்தல், கழுவுதல், காய வைத்தல்

மேல் மூடி எடுத்த 200 லிட்டர் இரும்புப் பேரல் ஒன்றை இடுப்பு உயர ஸ்டாண்டில் ஏற்றுங்கள். அடியோரத்தில் ஒரு முக்கால் இன்ச் வால்வு, கசடு இறக்க. அந்தப் பக்கம் பேரல் இரண்டு இன்ச் சாய்ந்திருக்கும்படி பின்னால் செங்கல் கொடுங்கள். 10 சென்டிமீட்டர் மேலே இன்னொரு வால்வு, தெளிந்த எண்ணெய் எடுக்க. பேரலில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது சுமார் இரண்டரை லிட்டர். ஆக, 25 லிட்டர் எப்போதும் கசடுக் கணக்கில் அடியிலேயே நிற்கும். அதையும் எடுக்கப் பார்ப்பதுதான் ஃபில்டர் செலவு ஏறுவதற்குக் காரணம்.

பேரலின் வெளியே கட்டும் பட்டை ஹீட்டர், 1 கிலோவாட், 65 டிகிரியில் அணையும் தெர்மோஸ்டாட். 180 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக மூன்றேகால் யூனிட் கரண்ட், சூடு வெளியே போவதையும் சேர்த்தால் நான்கு, ஐந்து மணி நேரம். சூடேறியதும் ஹீட்டரை அணைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். சூட்டில் எண்ணெய் இளகும்போது தண்ணீர்த் துளிகள் வேகமாக இறங்கும். அடி வால்வைத் திறந்து தண்ணீரும் கசடும் போய் எண்ணெய் வரும்வரை இறக்குங்கள். அடியில் தண்ணீர் நிற்கும்போது 100 டிகிரிக்குமேல் ஒருபோதும் ஏற்றக் கூடாது: அடியில் கிடக்கும் தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகி பேரலில் இருப்பதை எல்லாம் வெளியே வீசிவிடும்.

சிப்ஸ், கோழி எண்ணெய் என்றால் இந்தக் கட்டத்தில் கழுவ வேண்டும். 60 டிகிரியில் உள்ள 100 லிட்டர் எண்ணெய்க்கு 5 லிட்டர் வெந்நீர், பூவாளியால் மேலே மெதுவாகத் தூவுங்கள். துளிகள் இறங்கும் வழியில் உப்பை அள்ளிக்கொண்டு போகும். கலக்காதீர்கள், கலக்கினால் மோராகிவிடும். ஒரு நாள் கழித்து அடித் தண்ணீரை இறக்குங்கள். இறங்கிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம், ஒரு இரும்பு ஆணியைப் போட்டு இரண்டு நாள் வையுங்கள், நல்ல தண்ணீரில் போட்ட ஆணியோடு ஒப்பிட்டால் துரு சொல்லிவிடும்.

காய வைக்க, 65 டிகிரியில் பம்பால் எண்ணெயைச் சுற்றவிட்டு ஷவர் வாய் வழியாக மறுபடி பேரலிலேயே விழவிடுங்கள். மூன்று, நான்கு மணி நேரம். வெயில் நாளில் செய்ய வேண்டிய வேலை இது. சாரல் காற்றில் செய்தால் போகிற ஈரத்துக்கு ஈடாகக் காற்றிலிருந்தே ஈரம் வரும்.

காய்ந்ததா என்று பார்ப்பது எளிது. தோசைக்கல்லைத் தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். அமைதியாகப் பரவினால் நல்லது. ‘பட்பட்’ என்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, திரும்பப் பேரலுக்கு.

அமிலத்துக்கு ஒரு சோதனை. 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு கிண்ணத்தில் 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுத்து, மஞ்சள் தூள் கரைத்துத் தெளிந்த சாறு சில சொட்டும் இளஞ்சூடான எண்ணெய் 1 மில்லியும் அதில் விடுங்கள். சிரிஞ்சில் சோடாக் கரைசலை எடுத்து 0.1 மில்லியாக விட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். மஞ்சள் சிவந்து கால் நிமிடம் நின்றால் எத்தனை மில்லி ஆனது என்று எழுதுங்கள். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே சமாச்சாரம்தான். (சிப்ஸ் எண்ணெயில் ஏற்கெனவே மஞ்சள் இருக்கும், அதை நம்பாமல் தனியாகவும் சேர்க்க வேண்டும்.) ஜெர்மனியில் கடுகு இனத்து எண்ணெயை எரிபொருளாகப் பயன்படுத்த வகுத்த 51605 என்ற தர அளவில் அமில எண் 2-க்குள் இருக்க வேண்டும்; இந்தச் சோதனையில் அது சுமார் 1.3 மில்லி. பழைய எண்ணெயில் அந்த அளவு கிடைப்பது அபூர்வம். 2 மில்லிக்குள் வந்தால் எடுத்துக்கொள்ளலாம், 3-ஐத் தாண்டினால் வண்டிக்கு வேண்டாம்.

வடிகட்டுதல்

பை ஃபில்டர்கள்: 100, 25, 5, கடைசியில் 1 மைக்ரான். பாமாயிலைச் சூடாக வடிகட்டாதீர்கள். சூட்டில் கெட்டிக் கொழுப்பும் உருகி ஃபில்டரைத் தாண்டிவிடும். பிறகு காலைக் குளிரில் வண்டி ஃபில்டரில் வந்து உறையும். அறைச் சூட்டில், அவசரமில்லாமல், மேலிருந்து கீழே தானாக இறங்கட்டும். எது உறையப்போகிறதோ அது பையிலேயே நின்றுவிடும். தேங்காய் எண்ணெய்க்கு இது பலிக்காது; அதை 40 டிகிரியில் வடிகட்டி, சூடாக்கும் டேங்க் உள்ள வண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பம்பால் தள்ளுவதாக இருந்தால் 1 பார் அழுத்தம் ஏறியதும் பையை மாற்றுங்கள், இல்லையென்றால் தையல் விட்டு அழுக்கு எல்லாம் ஒரே நொடியில் சுத்த எண்ணெயில் கலக்கும்.

எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து மூலையில் போடாதீர்கள், முக்கியமாகச் சூரியகாந்தி எண்ணெய்த் துணி. காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போடுங்கள். கசடை வாய்க்காலில் விடாமல் மரத்தூளில் பிசைந்து காய வைத்து வெளியடுப்புக்கு எரிக்கலாம்.

வண்டிக்குள்

டேங்கை மாற்றாமல் தொடங்க விரும்புபவர்கள் டீசலோடு கலக்கலாம். கோடையில் 20 சதவீதம், சாரலிலும் மார்கழியிலும் 10 சதவீதம், அதற்கு மேல் போக வேண்டாம். கலந்ததில் ஒரு பாட்டில் எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் மேகம் மாதிரி கட்டியிருந்தால் எண்ணெயின் பங்கைக் குறைக்க வேண்டும்.

முழு எண்ணெயில் ஓட்ட இரண்டு டேங்க் வேண்டும். டீசலில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் தண்ணீர் 75 டிகிரிக்கு வந்த பிறகு, அந்தச் சுடுநீரில் சூடான எண்ணெய்க்கு வால்வைத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்கு மூன்று நிமிடம் முன்பு மறுபடி டீசல், பைப்பிலும் பம்பிலும் எண்ணெய் தங்காமல் இருக்க. இதை மறந்து இரவில் நிறுத்திவிட்டால் காலையில் மெக்கானிக்தான். புளியரையிலிருந்து எஸ் வளைவில் பாரம் இழுத்து ஏறும்போது எண்ணெய் நன்றாக எரியும். இறக்கத்தில், செக்போஸ்ட் வரிசையில் சும்மா ஓடும்போது டீசல் எரியும் அறை குளிர்ந்து, எண்ணெய் அரைகுறையாக எரிந்து, இன்ஜெக்டர் நுனியிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரி கட்டும். நிற்கப் போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே டீசலுக்கு மாறுங்கள். லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி டீசலைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு. மைலேஜில் அது தெரியும்.

வண்டியில் எப்போதும் ஒரு மாற்று டீசல் ஃபில்டரும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் இருக்கட்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் இரண்டு ஃபில்டர் போவது சகஜம். ஏற்றத்தில் இழுவை குறைந்து, சமதளத்தில் சரியானால் அது ஃபில்டர் அடைப்பு. காலையில் மட்டும் வெள்ளைப் புகை, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் இன்ஜெக்டர் கரி.

இன்ஜின் ஆயிலைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதியில் மாற்றுங்கள். எரியாத சமையல் எண்ணெய் ரிங் வழியாகக் கீழே கசிந்து, இன்ஜின் ஆயிலோடு சேர்ந்து கெட்டியாகும். வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் உள்ளே கசிகிறது. ஒரு சொட்டை விரலிடையில் வைத்து இழுத்தால் பாகு மாதிரி நூல் வந்தால், அன்றே ஆயிலை இறக்கிவிட்டு இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.